இடப்பக்கம் மதினி

எங்கள் வத்தையின் பின்பக்கப் பலகையில், மாதா படத்துக்குக் கீழே, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா கயிற்றில் தொங்கும். அதற்குள் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து இருக்கும். கடற்பாசி எடுக்கப் போகிற ஆறு பெண்களுக்கும் சேர்த்து ஒரே புட்டி. அதைக் கொண்டுவந்து தொங்கவிட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் எனக்குச் சொல்ல மனசு வராது.

வத்தை என்பது நாலு பேர் தள்ளினால் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிற மரப்படகு. இப்போது அதற்கு ஒரு சின்ன எஞ்சினும் உண்டு. நான் மண்டபம் பக்கத்துக் கடற்கரைக்காரி. காலை ஏழு மணிக்குக் கரையை விட்டால் தீவு ஓரத்துப் பாறைகளுக்குப் போய், மதியம் இரண்டு மணி வரைக்கும் தண்ணீருக்குள்தான் இருப்போம். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பாறையை இறுகப் பிடித்துக்கொண்டு வளரும். மூச்சை அடக்கி முங்கி, அதைப் பறித்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் திணித்துக்கொண்டு மேலே வரவேண்டும். பாறை கிழிக்காமல் இருக்க விரலெல்லாம் துணி சுற்றியிருப்போம். முகத்தில் ரப்பர் வார் போட்டு இறுக்கிய நீச்சல் கண்ணாடி. அதைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும்.

கண்ணாடி போட்டாலும் உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்காது. மிளகாய் அரைத்த கையால் தேய்த்துவிட்ட மாதிரி கண் எரியும், ரத்தமாய்ச் சிவந்துவிடும். நாலைந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு மருந்துக் கடையில் போய்க் கண்ணைக் காட்டினேன். கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒரு மணி நேரத்தில் சிவப்பு போய்க் கண் வெள்ளையாகிவிட்டது. நான் அசந்துபோனேன். மறுநாளே அதை வத்தைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினேன்.

அன்றிலிருந்து அது எங்கள் வத்தையின் வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்து ஏறியதும் மற்ற ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து தலையை அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்கள். நான் ஒவ்வொருத்தியிடமும் போய், இமையை விரித்துப் பிடித்து ஒரு சொட்டு விடுவேன், கடைசியில் எனக்கு நானே விட்டுக்கொள்வேன். மற்ற யாரும் தாங்களே ஊற்றிக்கொள்ளக் கூடாது. என் கைதான் ராசியான கை என்று பேர் வாங்கிவிட்டது. ஒருநாள் நான் வராவிட்டால், மறுநாள், "நீ இல்லாம நேத்துப் பூராம் கண்ணு எரிஞ்சது" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

பெருமை என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் கரையில் என் கண்ணுக்குத் தனி மதிப்பு இருந்தது. எங்கள் ஆட்களுக்கு நல்ல கண் என்றால் தூரம் தெரிகிற கண். திரும்பி வருகிற படகு யாருடையது என்று யார் முதலில் சொல்கிறார்களோ அவர்கள் கண்தான் கண். பாம்பன் பாலத்தில் ரயில் போனால் எத்தனை பெட்டி என்று கரையில் நின்றே எண்ணிச் சொல்லிவிடுவேன். நான் சொன்னால் ஆண்களே மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

வெளியே கேட்டால் என்னைக் கோபக்காரி என்பார்கள். உண்மைதான். ஆனால் தண்ணீருக்குள் போனால் என் வாய் அடங்கிவிடும், அடங்கித்தானே ஆகவேண்டும். வாய் அடங்கினால் கண் எவ்வளவு பார்க்கிறது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. காலை எட்டு மணி வாக்கில் வெயில் சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கும்போது, அடியில் கிடக்கிற வெள்ளை மணலில் ஒளி வலை வலையாக ஓடும். ஒரு இடத்தில் நிற்காது, ஒரு தரம் ஓடினது போல மறுதரம் ஓடாது. கிளிமீன் பாறையைக் கொறிக்கிற சத்தம் மூச்சுப் பிடித்துக் கிடக்கிற காதுக்குக் கேட்கும். பாசிக்குள்ளே விரல்நீளக் குஞ்சு மீன்கள் கூட்டமாக நின்று என் கண்ணாடியையே பார்க்கும். முப்பது வருடமாக இதைப் பார்க்கிறேன். இதையெல்லாம் பார்க்க ஒரு ஏழைப் பொம்பளைக்கு ஆண்டவர் ரெண்டு கண்ணைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாரே என்று ஒவ்வொரு முங்கிலும் நினைப்பேன். அது பக்தியா ஆச்சரியமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

தண்ணீருக்குள் யாரும் தனியாகப் போவதில்லை. இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்ந்துதான் முங்குவோம். ஒருத்திக்கு ஒன்று என்றால் மற்றவள் பார்க்கவேண்டும், அதுதான் கணக்கு. என் சோடி என் மதினி, அண்ணன் பெண்டாட்டி. அவள் எப்போதும் என் இடப்பக்கம் நீந்துவாள். நான் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம்.

மதினி பிறந்தது அபிராமம் பக்கம். மிளகாய்ச் செடிக்கும் பருத்திக்கும் நடுவில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் கடலைப் பார்த்து முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். அவளை விட நாலு வயது சின்னவள் நான். நான்தான் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குள் இறக்கினேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "என்னை ஊருக்கு அனுப்பிருங்க, நான் போறேன்" என்று அழுதவள், ரெண்டு வருடத்தில் எனக்குச் சமமாகப் பாசி எடுத்தாள். அதற்கும் நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கொஞ்ச காலமாகவே நான் இடிக்கத் தொடங்கியிருந்தேன். இடது தோள் வாசல் நிலையில் இடிக்கும். இடது கைப்பக்கம் வைத்த டீ கிளாஸைத் தட்டிவிடுவேன். ரோட்டில் ஸ்கூட்டர்க்காரன் திடீரென்று முளைத்த மாதிரி பக்கத்தில் வந்து நிற்பான். இடித்தவள் நான், திட்டு வாங்கியது வீட்டில் இருந்தவர்கள். "எவன் இதை இங்கன வச்சது?" என்று கத்துவேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். "கடலுக்குள்ள மீனு மாதிரி போறே, வீட்டுக்குள்ள வந்தா மாடு மாதிரி இடிக்கிறே" என்பார். அதற்கும் ஒரு சண்டை பிடிப்பேன்.

எனக்கு ஏன் சந்தேகமே வரவில்லை என்று இப்போது யோசித்தால் புரிகிறது. நீச்சல் கண்ணாடி போட்டால் பக்கம் தெரியாது. அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். முன்னால் இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, பக்கத்தைப் பார்க்கவேண்டுமென்றால் தலையைத் திருப்பவேண்டும். பக்கமே இல்லாத ஒரு உலகத்தில் தினமும் ஆறேழு மணி நேரம் இருந்தேன். கரைக்கு வந்து கண்ணாடியைக் கழற்றிய பிறகும் பக்கம் திரும்பி வரவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

அந்த நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். தண்ணீர் கலங்கலில்லாமல் கண்ணாடி போலக் கிடந்தது. மதினியும் நானும் ஒரே நேரத்தில் முங்கினோம். அவளுடைய வலைப்பையின் கயிறு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்திருக்கிறாள், வரவில்லை. முடிச்சை அவிழ்க்கத் துணி சுற்றிய விரல் வழுக்கியிருக்கிறது. அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் ஒரு கை நீளத்தில் இருந்தேன். என் முகத்துக்கு நேராகவே ஆட்டியதாகத்தான் அவள் நினைத்தாள். நான் அவளைத் தாண்டி நீந்திப் போய் என் பாசியைப் பறித்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

மேலே மிதந்துகொண்டிருந்த இன்னொருத்தி குனிந்து பார்த்ததால் மதினி பிழைத்தாள். அந்தப் பெண்தான் இறங்கிக் கயிற்றை அறுத்து மதினியை மேலே தள்ளினாள். வத்தையில் தூக்கிப் போட்டதும் மதினி உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தாள். மூச்சு வந்ததும் முதல் வார்த்தையே என்னைப் பார்த்துத்தான்.

"பாத்துக்கிட்டே போனேல்லடி?"

"நான் எங்க பாத்தேன்? எனக்கு எப்படித் தெரியும்?"

"கையை ஆட்டுறேன், ஆட்டுறேன், பாத்துக்கிட்டே போறே. உனக்கு அம்புட்டு என்ன நான் செஞ்சுட்டேன்?"

நான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். பயந்துதான் போயிருந்தேன். ஆனால் பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "கயித்தை ஒழுங்காக் கட்டத் தெரியல, இம்புட்டு வருசமாச்சு, இன்னும் காட்டுக்காரி மாதிரி பதறுறீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அதோடு பேச்சு நின்றது. மறுநாள் மதினி வேறு சோடி மாற்றிக்கொண்டாள். என் இடப்பக்கம் வேறொருத்தி வந்தாள். அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நாலு வீடுதான். அந்த நாலு வீடு நாற்பது வீடானது. ஆனால் ஒன்று மட்டும் நிற்கவில்லை. மதியம் வத்தையில் ஏறியதும் மருந்து ஊற்றுகிற நேரத்தில் மதினி தலையை அண்ணாந்து உட்காருவாள். என் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் திறந்து காட்டுவாள். நானும் எதுவும் பேசாமல் ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். பேச்சில்லாத அந்த மூன்று வாரமும் அவள் கண்ணை நம்பி என் கையில்தான் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் கண் முகாம் போட்டார்கள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, ஒரு கண்ணாடி வாங்கிவிடலாம் என்று போனேன். சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை கடகடவென்று படித்தேன். பிறகு அதைத் திறந்து மறு கண்ணை மூடிப் படித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்களைத் திரும்பி ஒரு பார்வை வேறு பார்த்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். சிரித்துக்கொண்டே, "தூரப் பார்வை ரொம்ப நல்லா இருக்கும்மா. கிட்டத்துல படிக்க மட்டும் கண்ணாடி போதும்" என்றார். நான் எழுந்துவிட்டேன். "உட்காருங்க, நாப்பது வயசு தாண்டினவங்களுக்குக் கண் அழுத்தமும் பார்த்துடலாம்" என்றார். கண்ணை மரத்துப்போக வைக்க ஒரு சொட்டு விட்டு, ஒரு சின்னக் கருவியால் கண்ணைத் தொட்டார். மறுபடியும் தொட்டார். மூன்றாவது தரம் தொட்டபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு விளக்கை வைத்து என் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நாளைக்கே ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஒரு இருட்டு அறையில் உட்காரவைத்தார்கள். எதிரே வெள்ளையாக, பெரிய சோற்றுச் சட்டியைக் கவிழ்த்து உள்பக்கம் காட்டின மாதிரி ஒரு மெஷின். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நடுவில் இருக்கிற விளக்கை மட்டும் பார்க்கவேண்டும். அங்கங்கே சின்னச் சின்ன ஒளிப்புள்ளி வரும், தெரிந்தால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்கவேண்டும். வலது கண்ணுக்கு நன்றாகத்தான் போன மாதிரி இருந்தது. இடது கண்ணுக்கு வைத்ததும் முதலில் ரெண்டு மூன்று வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. நான் பொறுமையாகக் காத்திருந்தேன். மூச்சடக்கிக் கிடப்பவளுக்குக் காத்திருக்கவா தெரியாது. ரொம்ப நேரம் ஆகிவிட்டதால், பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "மெஷின் நின்னுபோச்சு போல, லைட்டு வரலை" என்றேன்.

"வந்துக்கிட்டுத்தாம்மா இருக்கு" என்றது அந்தப் பெண்.

நான் அந்தச் சட்டியிலிருந்து முகத்தை எடுத்துவிட்டேன்.

டாக்டர் என் வலது கண்ணுக்குள் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு தரை. அதில் ரத்தக் குழாய்கள் வேர் மாதிரி பரவிக் கிடந்தன. எல்லாம் வந்து சேருகிற இடத்தில் ஒரு வெளிர் வட்டம். "இதுதாம்மா கண் நரம்பு. நீங்க பார்க்கிறது எல்லாம் இது வழியாத்தான் மூளைக்குப் போகுது. உடம்பைக் கீறாமலே இந்த நரம்பை இப்படி நேராப் பார்க்க முடியும்" என்றார். நான் வந்த காரியத்தையே மறந்துவிட்டேன். என்னைப் பெற்றவள் பார்க்காதது, நான் பார்க்காதது, முப்பது வருடக் கடலையும் உள்ளே வாங்கின வாசல் அது. நான் கடலுக்கு அடியில் பார்த்த எதுவும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. என் கண்ணுக்குள் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று ஐம்பது வயது வரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு அவர் இடது கண்ணின் படத்தைப் பக்கத்தில் வைத்தார். அந்த வெளிர் வட்டத்தின் நடுவில் குழி விழுந்திருந்தது. வட்டத்தில் பெரும்பகுதி குழிதான்.

"கண்ணுக்குள்ள ஒரு நீர் ஊறிக்கிட்டே இருக்கும், வடிஞ்சுக்கிட்டே இருக்கும். வடியறது குறைஞ்சா உள்ள அழுத்தம் ஏறும். அது இந்த நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாச் சாகடிச்சிடும். குளுக்கோமான்னு சொல்வோம். ஓரத்துல இருந்துதான் பார்வை போகும். நடுப்பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்கும். அதனாலதான் நீங்க கடைசி வரியையும் படிச்சீங்க."

"அழுத்தம்னா எனக்குத் தெரியுமேம்மா. ஆழத்துக்குப் போனாக் காது வலிக்கும். வலிச்சா மேல வந்துருவோம்."

"காது சொல்லிடும். உங்களுக்கு வந்திருக்கிறதுல கண் சொல்லாது. வலிக்கவே வலிக்காது."

கரையில் நடந்தபோதும் அடுப்படியில் நின்றபோதும் என் கண் மட்டும் ஆழத்திலேயே கிடந்திருக்கிறது. மேலே வா என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. இடது கண்ணில் ஓரமெல்லாம் போய்விட்டது. வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கம் போகத் தொடங்கியிருக்கிறது. அதனால்தான் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே இடப்பக்கத்தைத் தொலைத்திருக்கிறேன். போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். எங்களைப் பெற்ற அய்யா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார், உப்புக் காற்றுக்கும் வயசுக்கும் கண் போய்விட்டது என்று நாங்கள் விட்டுவிட்டோம் என்றேன். சொல்லும்போதே எனக்கு எல்லாம் விளங்கியது. கடைசியாக, "கண்ணுக்கு ஏதாவது மருந்து விட்டீங்களா?" என்று கேட்டார். நான் பையிலிருந்து புட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன். நல்ல மருந்து, அவருக்கும் தெரியட்டும் என்றுதான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

"இது ஸ்டீராய்டும்மா. சிவப்பு உடனே போயிடும். ஆனா டாக்டர் பார்த்துச் சொல்லாம மாசக்கணக்குல விட்டா, சிலருக்குக் கண்ணுக்குள்ள வடிகாலை அடைச்சிடும். உங்க அய்யாவுக்கு இருந்ததனால உங்களுக்கு எப்படியும் வந்திருக்கலாம். இது அதை வேகமாத் தள்ளிவிட்டிருக்கும். எத்தனை நாளா விடுறீங்க?"

"நாலஞ்சு வருசமா."

"வேற யாரும் விடுறாங்களா?"

"எங்க வத்தையில ஆறு பேரும்மா. நான்தான் ஊத்திவிடுவேன்."

"ஆறு பேரும் வரணும். உங்க கூடப் பிறந்தவங்களும் வரணும்" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். போன இடம் கருப்பாகத் தெரியும் என்று நினைத்தேன். கருப்பு எங்கேயும் இல்லை. உடைமரமும் வெட்டவெளியும் வானமும் முழுசாக இருக்கிற மாதிரியேதான் இருந்தது. இல்லாததை இருக்கிற மாதிரி என் மூளையே நிரப்பிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை வருடமாக என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், நான் பதறக்கூடாது என்று நினைத்த மாதிரி. என்ன மாதிரியான ஒரு வேலைக்காரி எனக்குள் இருந்திருக்கிறாள் என்று வியந்தேன், அதே மூச்சில் பயந்தும்போனேன். அன்றைக்கு மதினி இருந்த இடத்தில் அந்த வேலைக்காரி எனக்கு வெறும் தண்ணீரை வரைந்து காட்டியிருக்கிறாள்.

மறுநாள் வத்தையில் டப்பாவை அவிழ்த்து எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். நாலு பேர் பயந்துபோய் அந்த வாரமே ராமநாதபுரம் போனார்கள். நாலு பேருக்கும் ஒன்றுமில்லை, மருந்தை நிறுத்தினால் போதும் என்று அனுப்பினார்கள். மதினி மட்டும் போகவில்லை. போகாததோடு விடவில்லை, தனக்கென்று தனியாக ஒரு புட்டி வாங்கிக்கொண்டு வந்து, வத்தையில் எல்லோர் முன்னாலும் தானே அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். "அவ கையி இல்லாட்டியும் எனக்கு ஊத்தத் தெரியும்" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். அது எனக்குத்தான்.

மற்ற நேரமாக இருந்தால் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன். இப்போது முடியவில்லை. ஒவ்வொரு சொட்டும் என் கண்ணுக்கு முன்னாலேயே விழுந்தது. அவளைத் தண்ணீரில் இறக்கியது நான், அந்த மருந்தைப் பழக்கியது நான். என் மேல் உள்ள கோபத்தில் அவள் கண்ணை இழந்தால் அந்தப் பாவத்தை எந்தக் கோயிலில் இறக்கிவைப்பேன்?

மூன்றாம் நாள் சாயங்காலம் கரைக்குப் போனேன். மதினி மணலில் பாசியை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் வந்து நின்றதைப் பார்த்தும் நிமிரவில்லை.

"மதினி, ஒரு தடவை வந்து பாத்துருங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கென்ன கேடு? எனக்கு நல்லாத்தான் தெரியுது. அங்கன லைட்ஹவுஸ் தெரியுது, அதுல உக்காந்துருக்குற காக்கா தெரியுது."

"எனக்கும் தெரியுது மதினி. உங்களைவிட நல்லாத் தெரியுது. அதுதான் நோவே."

"நீ பாக்காம விட்டதுக்கு இப்ப நோவுன்னு ஒரு பேரு வச்சிருக்கியா?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவள் நம்பாததில் தப்பில்லை. ஒரு கை நீளத்தில் இருந்துகொண்டு தெரியவில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்?

"என் இடப்பக்கம் வந்து நில்லுங்க" என்றேன். "அன்னைக்கு இருந்த மாதிரி. நான் லைட்ஹவுஸைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். நீங்க கையை ஆட்டுங்க. ஆட்டுறப்ப நான் சொல்றேன்."

என்னைப் பொய்க்காரி என்று நிரூபிக்கத்தான் அவள் எழுந்து வந்தாள். பாசி அப்பிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் இடப்பக்கம் போய் நின்றாள். நான் தூரத்து லைட்ஹவுஸின் உச்சியைப் பார்த்தேன். அதன் கம்பிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. அதைச் சுற்றிக் கடல் முழுசாக இருந்தது.

"ஆட்டுங்க" என்றேன்.

காற்றுக்கு உலர்ந்த பாசி சரசரத்தது. நான் காத்திருந்தேன்.

"ஆட்டுங்க மதினி."

வேண்டுமென்றே ஆட்டாமல் நிற்கிறாள் என்று நினைத்தேன். எனக்குத்தான் பொறுமை எத்தனை நாழி நிற்கும். "ஆட்டுங்கன்னு சொல்றேன்ல, எம்புட்டு நேரம் நிக்கிறது?"

"ஆட்டிக்கிட்டுத்தான்டி இருக்கேன்."

தலையைத் திருப்பினேன். மதினி என் தோளை ஒட்டி நின்றாள். ஒரு கை அல்ல, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தண்ணீருக்கு அடியில் எப்படி ஆட்டியிருப்பாள் என்பதை அப்போதுதான் நான் பார்த்தேன். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. ஆட்டுவதை நிறுத்தவேண்டும் என்பதையே மறந்துவிட்டாள். நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினேன். "மன்னிச்சுருங்க மதினி" என்று அப்போதுதான் சொன்னேன், மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்லியிருக்கவேண்டியதை.

மறுநாள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ராமநாதபுரம் போனோம். மதினியைப் பரிசோதிக்கும்போது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணில் அழுத்தம் ஏறித்தான் இருந்தது. நரம்புக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. "சரியான நேரத்துல வந்துட்டீங்க" என்றார் டாக்டர். புட்டியை நிறுத்தச் சொன்னார். சில வாரம் கழித்துப் பார்த்தபோது அழுத்தம் இறங்கிவிட்டிருந்தது. அன்றைக்கு அவள் கண் படத்தை எனக்கும் காட்டினார்கள். குழி விழாத முழு வட்டம், ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாக. நான் திரையைத் தொடப் போய்விட்டேன், படம் காட்டிய பெண் கையைத் தட்டிவிட்டது. அண்ணனுக்கு அழுத்தம் எல்லையில் நிற்கிறது. சொன்ன தேதிக்குத் தவறாமல் போய்ப் பார்த்துக்கொண்டு வருகிறார். அய்யா சுவரைத் தடவி நடந்தது அவருக்கும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு இப்போது வேறு மருந்து. என் பேருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. தினமும் ஒரே நேரத்தில், ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு, வாழ்நாள் முழுக்க. இடது கண் திரும்பவில்லை. வலது கண் அதற்கு மேல் போகாமல் நிற்கிறது. சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் மதினி நாலு வீட்டைத் தாண்டி வந்துவிடுவாள். "கண்ணைக் காட்டு" என்பாள். நானே ஊற்றிக்கொள்வேன் என்று சொன்னால் கேட்பதில்லை. "ராசியான கை எங்ககிட்டயும் இருக்கு" என்று ஒரு குத்து வேறு. நான் அண்ணாந்து காட்டுவேன். சொட்டு விழுவதற்கு முன்னால் ஒரு கணம் அது நுனியில் உருண்டு தொங்கும்போது அதற்குள் வானம் தலைகீழாகத் தெரியும். இத்தனை வருடம் சொட்டு ஊற்றியவள் நான், ஒரு தரம்கூட இதைக் கவனித்ததில்லை.

கடலுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு டாக்டர் ஒரேயடியாகத் தடுக்கவில்லை. கண்ணை அழுத்துகிற சின்னக் கண்ணாடி கூடாது, மூக்கையும் சேர்த்து மூடுகிற பெரிய கண்ணாடி போடவேண்டும், நெஞ்சளவுத் தண்ணீருக்கு மேல் போகக்கூடாது, தனியாக இறங்கவே கூடாது என்று நிபந்தனைகளோடு விட்டார். முதல்நாள் இறங்கியபோது மதினி எதுவும் சொல்லாமல் தன் புதுச் சோடியை விட்டுவிட்டு என் இடப்பக்கம் வந்து நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினோம். வெயில் மணலில் வலை வலையாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் இடது முழங்கையில் யாரோ ரெண்டு தட்டுத் தட்டினார்கள். தலையை முழுசாகத் திருப்பினேன். மதினிக்கு ஒன்றும் ஆகவில்லை, கயிறு எதிலும் மாட்டவில்லை. சும்மா கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.